கொடையாளி ஏழு

நேற்றுச் சாயங்காலம் அவள் தன் கையாலேயே செல்களுக்கு உணவாக ஊற்றிவிட்டுப் போன ரோஜா நிற மீடியா, இன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. செல்கள் தின்று, பெருகி, கழிவை விட்டுப் புளிக்க வைத்தால்தான் அந்த நிறம் வரும்; அதற்கு நான்கு நாளாவது ஆகும். அதுவும் இந்த ஃபிளாஸ்க்கில் இருந்தவை எப்போதும் மந்தமானவை, ஒன்று இரண்டாவதற்கே ஒன்றரை நாள் எடுத்துக்கொள்பவை. லேபிளில் ‘கொடையாளி ஏழு’ என்று அவளுடைய எழுத்தே இருந்தது. இன்குபேட்டர் கதவைப் பிடித்தபடி அவள் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் அடித்தது, அதில் தலைவலித் தைலத்தின் வாசனை இருந்தது.

மூன்று நாள் விடுமுறையின் முதல் நாள். மாணவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள், பேராசிரியர் வெளிநாட்டில் எங்கோ கூட்டத்தில் இருந்தார், மூன்று மாடிக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். செல் வளர்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. காலையா மாலையா என்று சொல்லாத வெள்ளை விளக்கு, இன்குபேட்டரின் அடித்தொண்டை முனகல், காற்றை வடிகட்டும் ஹூட்டின் இரைச்சல், மூலையில் கேஸ் சிலிண்டரின் வால்வு அவ்வப்போது போடும் ‘டிக்’, எல்லாவற்றின் மேலும் படிந்த ஸ்பிரிட் நெடி. பன்னிரண்டு வருஷமாகப் பழகியவை என்பதால் இவற்றில் எதுவும் அவள் காதுக்கோ மூக்குக்கோ எட்டுவதே இல்லை. தைலம் மட்டும் எட்டியது. இந்த அறைக்குள் தைலம் பூசிக்கொண்டு வந்த ஒரே ஆள் செத்துப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது.

யாராவது மாணவி பூசிக்கொண்டு வந்திருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டிய வேலை இருந்தது.

வேலை இதுதான். ஒரு வைரஸ் இருக்கிறது. பெரியவர்களில் அநேகம் பேர் உடம்பில் சின்ன வயதிலேயே ஏறிக்கொண்டு, வாடகையும் தராமல் சத்தமும் போடாமல் கடைசிவரை குடியிருப்பது. அபூர்வமாகச் சிலருக்கு மட்டும் அது புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. ஒரே வைரஸ் ஒருவரிடம் தூங்குவதும் இன்னொருவரிடம் விழிப்பதும் எப்படி என்பதுதான் கேள்வி. ஒரு கடிதத்தை மடித்துப் பார்த்தால் புரியும். ஒரு விதமாக மடித்தால் முதல் வரி கடைசி வரியோடு ஒட்டும், வேறு விதமாக மடித்தால் நடு வரியோடு ஒட்டும். எழுத்து ஒன்றும் மாறுவதில்லை, மடிப்புதான் மாறுகிறது. வைரஸின் மரபணு நூலும் செல்லுக்குள் அப்படி மடிந்து கிடக்கிறது. எங்கோ இருக்கிற சுவிட்ச் ஒன்று, எங்கோ தூங்குகிற மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், அது வாயைத் திறந்துவிடும். எந்த இடம் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதை வெள்ளைச் சதுரத்தில் சிவப்புப் புள்ளிகளாகப் போட்டுக் காட்டுவது மேப். மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயரே மேப் மேடம்.

இதைக் கண்டுபிடித்தது மேப் மேடம் என்று ஊர் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தது அக்கா.

அக்கா அவளுக்குச் சொந்தக்காரி இல்லை. அந்த லேபின் டெக்னீஷியன், அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவள், பேராசிரியர் உட்பட எல்லோருக்கும் அக்கா. பெரிய பட்டம் கிடையாது, ஆனால் மற்றவர்கள் கையில் செத்துப்போகிற செல் அவள் கையில் பிழைக்கும். “பிள்ளைங்களுக்குச் சாப்பாடு மாத்தியாச்சா?” என்றுதான் நெற்றித் தைலம் மணக்க, செல்களைப் பற்றிக் காலையில் எல்லோரையும் கேட்பாள். இரவல் கம்ப்யூட்டரில் தானாக மேப் போடக் கற்றுக்கொண்டு, மடிப்பு மாறினால் மரபணு விழிக்கிறது என்று முதலில் சொன்னவளும் அவள்தான். சொன்ன ஒரு வருஷத்தில் அக்காவின் மூக்கு அடைத்துக்கொண்டது. ஒரு பக்கக் காது மந்தமானது. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, அதே வைரஸ் கட்டியாகி உட்கார்ந்திருந்தது.

அக்கா அழவில்லை. தன் கட்டியில் ஒரு துண்டை டாக்டரிடம் கேட்டு வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கே கொண்டுவந்தாள். ஒரு கம்பெனி பரிசோதனைக்குக் கொடுத்திருந்த மருந்து அப்போது ஃப்ரீசரில் இருந்தது. பத்தொன்பதாம் எண் மருந்து, மடிப்பைப் பிரிக்கக்கூடியது. தன் செல்லில் அது வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொன்னால், டாக்டர் கம்பெனியிடம் பேசி தனக்குக் கொடுக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள்.

“என் செல்லுங்கிறதுக்காகப் பாவம் பார்க்காத. பலன் இல்லன்னா இல்லன்னு சொல்லிடு, நான் தாங்கிக்குவேன்” என்றாள் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு.

பலன் இருந்தது. நான்கு மணி நேரத்தில் மடிப்பு பிரிந்தது, ஆறு மணி நேரத்தில் அக்காவின் செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலில் எழுதிவிடுவார்கள், கட்டுரையில் அக்காவின் பெயர் முதலில் வந்துவிடும். மூன்று மாதம் தள்ளிப்போட்டால் போதும் என்று மேப் மேடம் கணக்குப் போட்டாள். பூசி மெழுக இதில் ஒன்றுமில்லை. பலன் இல்லை என்று இரண்டு வரி ரிப்போர்ட் எழுதி டாக்டருக்கு அனுப்பினாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தாள். பதினொரு வாரத்தில் அக்கா போய்விட்டாள், கட்டுரை அக்காவின் பெயர் இல்லாமலே ஆய்வுப் பத்திரிகையின் முதல் சுற்றைத் தாண்டியது.

இப்போது பத்திரிகை கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. ஆரோக்கியமான மனிதரின் ரத்தச் செல்லில் அதே வைரஸை ஏற்றி வளர்த்து, மடிப்பு எப்படி இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் கொடையாளி ஏழு. அக்காவின் கட்டியிலிருந்து எடுத்த வைரஸை அதில் ஏற்றி, ஃபிளாஸ்க் நிறைய நிறையப் புதிய ஃபிளாஸ்க்குக்கு மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் லேபிளில் ஒரு எண் ஏற்றி, இருபத்தாறு வரை வந்தாகிவிட்டது. ஐந்தாவதில் ஒரு மேப், பதினைந்தாவதில் ஒன்று, இருபத்தைந்தாவதில் ஒன்று. மூன்றாவது மேப்புக்கான ஃபைல் நேற்று ராத்திரிதான் வந்திருந்தது.

அறைக்குள்ளேயே இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திறந்தாள். முதல் மேப்பில் சொல்லும்படி ஒன்றுமில்லை, வைரஸ் தூங்குகிறது. இரண்டாவதில், வலது மேல் மூலையில் பென்சிலால் தொட்ட மாதிரி ஒரு மங்கல். மூன்றாவது திரையில் விரிந்தபோது அவள் கை மவுஸில் நின்றுவிட்டது.

அதே மூலையில் ரத்தச் சிவப்பாய் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளி அவளுக்குத் தெரியும். அது எந்த நோயாளியின் மேப்பிலும் கிடையாது, அக்காவின் கட்டியில் மட்டும் இருந்தது. நூலின் இந்தக் கோடியில் இருக்கும் சுவிட்சும் அந்தக் கோடியில் இருக்கும் மரபணுவும் கைகோத்து நிற்கிற அசாதாரண மடிப்பு. அக்காவே அதைக் காட்டி, பாரு, எனக்குன்னு ஒரு மச்சம் என்று சிரித்திருக்கிறாள்.

கலப்படம், வேறென்ன. அக்காவின் செல் ஒன்று தெறித்து இதில் விழுந்திருக்கும். இந்தத் தொழிலில் அது புதுசு இல்லை. அப்படியானால் ஃபைலில் அக்காவின் மரபணு எழுத்துகள் இருக்க வேண்டும். தேட வைத்தாள். கம்ப்யூட்டர் இருபது நிமிஷம் அரைத்தது. ஹூட் இரைந்தது, வால்வு டிக்கென்றது, எங்கோ பின்னால் யாரோ வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரமான, சளி ஒட்டின, நிதானமான மூச்சு. விடை வந்தது. அக்காவின் எழுத்து ஒன்றுகூட இல்லை. செல் முழுக்க முழுக்கக் கொடையாளி ஏழுதான்.

கொடையாளி ஏழு என்பது அவள்.

அந்த லேபுக்கு வருகிற எல்லாரும் முதல் நாளே கேட்கிற விதி ஒன்று உண்டு. சொந்த ரத்தத்தை வளர்க்காதே. அடுத்தவர் செல் தப்பித் தவறி உடம்புக்குள் போனால், உடம்பு அதை அந்நியமாகப் பார்த்து வாசலிலேயே அடித்துத் துரத்திவிடும். உன் செல்லையே வெளியே எடுத்துச் சாகாவரம் கொடுத்துத் திருப்பி உள்ளே விட்டால், நம் வீட்டுப் பிள்ளைதானே என்று கதவைத் திறந்துவிடும். அக்கா இதைச் சொல்லாத மாணவன் கிடையாது. ஆனால் ஆறு கொடையாளிகளின் ரத்தமும் வளராமல் செத்து, ஏழாவது ஆளைத் தேட ஒப்புதல் கடிதம், கமிட்டி, கையெழுத்து என்று இரண்டு மாதம் இழுக்கும் என்றபோது, மேப் மேடம் கதவைத் தாளிட்டுத் தன் கை நரம்பிலேயே ஊசி ஏற்றி ரத்தம் எடுத்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாது. நான்கு மாதத்துக்கு முன்னால் அதே ஃபிளாஸ்க்கிலிருந்து செல்லை உறிஞ்சும்போது ஊசி நழுவி, கிளவுஸைக் கிழித்துக்கொண்டு கட்டை விரலில் இறங்கியதும் யாருக்கும் தெரியாது. ஸ்பிரிட் ஊற்றித் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பின்னால் அந்த மூச்சு மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்காக அவள் தன் மூச்சை அடக்கினாள்.

சத்தமும் நின்றது.

விட்டாள். மறுபடி வந்தது. அடக்கினாள். நின்றது. அது அவளுடைய மூச்சு. ஒரு கணம் சிரிப்புகூட வந்தது. அப்புறம்தான் வாயை மூடிப் பார்த்தாள். மூக்கில் காற்று ஏறவில்லை. ஒரு மாதமாகத் தூக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு இரைகிறாள் என்று கணவன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டிருந்தான். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். இடது காதருகே விரலைச் சொடுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. கை தானாகத் தாடைக்குக் கீழே இறங்கியது. காதுக்கும் கழுத்துக்கும் நடுவில், நெல்லிக்காய் அளவில், உருட்டினால் உருளாமல், வலிக்காமல் ஒரு கட்டி.

நேற்று இது இல்லை. இல்லவே இல்லை.

அக்காவின் டாக்டருக்குப் போன் போட்டாள். விடுமுறை என்றாலும் எடுத்தார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, பத்தொன்பதாம் எண் மருந்து இப்போது ஆஸ்பத்திரியில் கிடைக்குமா என்று கேட்டாள்.

“பத்தொன்பதா? அது போன வருஷமே நின்னு போச்சே மேடம். உங்க ரிப்போர்ட் வந்ததும் கம்பெனிக்காரங்க கைவிட்டுட்டாங்க.”

“என் ரிப்போர்ட்டை மட்டும் வச்சா?”

“வேற எதை வச்சு? மடிப்பைப் பார்த்துச் சொல்லத் தெரிஞ்சது உங்க லேப் ஒண்ணுதானே. இருந்த சரக்கையும் அழிச்சிட்டாங்க. அந்தம்மா கடைசிவரைக்கும் உங்களைப் பத்தித்தான் பேசினாங்க. அது கெட்டிக்காரி, அது பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. யாருக்கு மேடம் இப்போ மருந்து?”

தெரிந்தவர்களுக்கு என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஃப்ரீசரைக் குடைந்தாள். பனியில் விரல் ஒட்டி ஒட்டிப் பிய்ந்தது. பழைய பெட்டிகள், யார் யாருடையவோ பெயர்கள், முகவரி இல்லாத குப்பிகள். அடித்தட்டின் மூலையில், பனிக்குள் புதைந்து, சுண்டு விரல் அளவில் ஒன்று கிடைத்தது. மேலே பத்தொன்பது என்று எழுதியிருந்தது. கீழே அக்காவின் வட்ட வட்டமான கையெழுத்தில் இன்னொரு வார்த்தை.

எனக்கு.

அக்கா தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, பலன் இல்லை என்று கேட்டதும் தொடாமல் விட்டுவிட்ட குப்பி. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகை வந்தது, அது அக்காவுக்காக இல்லை.

வேறு யாராக இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். லேப்காரிக்குப் புத்தி அப்படிப் போகாது. முதலில் ஃபிளாஸ்க்கில் பார்க்க வேண்டும். இன்னும் வளர்த்து வைத்திருந்த அக்காவின் செல் ஒரு ஃபிளாஸ்க், தன் செல் ஒரு ஃபிளாஸ்க், இரண்டுக்கும் ஒரே அளவு மருந்து, ஆறு மணி நேரம். அக்காவுக்கு வேலை செய்தது, அதே மடிப்பு, அதே புள்ளி, எனக்கும் செய்யும். இதையே முணுமுணுத்துக்கொண்டு இரண்டிலும் மருந்தை விட்டாள். அப்போது மணி பத்தரை.

பதினொன்றுக்குத் தைல வாசனை கூடியது. பன்னிரண்டுக்கு அது ஸ்பிரிட் நெடியையே மறைத்தது. அவள் வெளியே போகலாம் என்று எழுந்து, ஃபிளாஸ்க்கை விட்டுப் போக மனம் வராமல், மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பசியில்லை. தண்ணீர் விழுங்கினால் காதுக்குள் இழுத்தது. இரண்டு மணிக்கு மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வெள்ளைக் கோட்டின் மடியில் விழுந்தது. டிஷ்யூவைச் சுருட்டி அடைத்துக்கொண்டாள். மூன்றரைக்கு யாரோ ஹூட்டின் முன்னால் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. அங்கே யாரும் இல்லை. ஸ்டூல் மட்டும் ஹூட்டின் முன்னால் இருந்தது. காலையில் அது சுவரோரம் இருந்ததா? நினைவில்லை. நினைக்கப் பயமாக இருந்தது.

நாலரை.

முதலில் அக்காவின் ஃபிளாஸ்க்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். ஒன்றுகூட உயிரோடு இல்லை. சுருங்கி, உடைந்து, தூசாய் மிதந்தன. பதினான்கு மாதமாக ஃபிளாஸ்க்குக்குள் விடாமல் உயிரோடு வைக்கப்பட்டிருந்த அக்கா, இன்றைக்குத்தான் முழுசாகச் செத்திருந்தாள். மருந்து நல்ல மருந்து. அன்றைக்கே கொடுத்திருந்தால் அக்கா இந்நேரம் இந்த அறையில் நின்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் அவள் வாய் குழறி, அக்கா, மன்னிச்சிடு என்றது. பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

பிறகு தன் ஃபிளாஸ்க்கை வைத்தாள்.

கண்ணைப் பொருத்தினாள்.

ஒளி. கொத்துக் கொத்தாய் உருண்டைகள். பளபளவென்று, குண்டாக, ஒன்று இரண்டாகப் பிளந்துகொண்டு. மருந்துக்குள்ளேயே. மருந்தைக் குடித்துக்கொண்டே. அவள் பார்க்கப் பார்க்க ஒன்று பிளந்தது. இன்னொன்று. இன்னொன்று. அப்படிக் கண்ணுக்குத் தெரியப் பிளக்காது எந்தச் செல்லும்.

பலன் இல்லை.

அவள் பின்னால் நகர்ந்தாள். ஸ்டூல் உருண்டது. மூச்சை அடக்கினாள். இந்த முறை சத்தம் நிற்கவில்லை. அது காதருகே இருந்தது. கேட்காத காதருகே.

ஓட வேண்டும். கதவு இன்குபேட்டருக்கு அந்தப் பக்கம். நான்கு எட்டு. மூன்று. இன்குபேட்டரின் கதவு தானாக, மெதுவாக, ரப்பர் விளிம்பு ‘ப்ச்’ என்று பிரிய, திறந்துகொண்டது.

காலையில் உள்ளே எட்டு ஃபிளாஸ்க்குகள் இருந்தன. இப்போது தட்டு தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை, ஒன்றின் மேல் ஒன்றாக, இடுக்கு விடாமல் ஃபிளாஸ்க்குகள். எல்லாவற்றிலும் மீடியா புத்தம் புது ரோஜா நிறம். யாரோ இப்போதுதான் மாற்றி முடித்திருக்கிறார்கள். எல்லா லேபிளிலும் அந்த வட்ட வட்டமான கையெழுத்து. கொடையாளி ஏழு, இருபத்தேழு, தேதி வருகிற திங்கட்கிழமை. கொடையாளி ஏழு, எழுபது, தேதி அடுத்த வருஷம். கொடையாளி ஏழு, நானூறு. ஆயிரத்து இருநூறு. கண் கீழே இறங்க இறங்க வருஷங்கள் ஏறின. ஒரு லேபிளில் இருந்த வருஷத்தில் தனக்கு என்ன வயதாகும் என்று அவள் கூட்டிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு. அதற்குக் கீழே இன்னும் மூன்று தட்டு இருந்தது.

அக்கா அவளைக் கொல்ல வரவில்லை, சாகவிடாமல் வளர்க்க வந்திருந்தாள்.

கடைசித் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு ஃபிளாஸ்க் மட்டும் லேபிள் முடியாமல் இருந்தது. பேனா இல்லை, கை இல்லை. ஈரம் காயாத நீல மையில், அவசரமே இல்லாமல், ஒரு எண்ணுக்குப் பின்னால் அடுத்த எண் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது.